கடை வாடகை ஒப்பந்தத்தில் மூன்று திகதிகள்: அது செல்லுமா?

நீங்கள் திகதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையை இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் தலைப்பில் 1ஆம் திகதி தட்டச்சாகியிருக்கிறது. உங்கள் கம்பனியின் சார்பில் நீங்கள் ஒருவர் மட்டும் 3ஆம் திகதி இறப்பர் முத்திரை குத்திக் கையொப்பமிட்டீர்கள். கனடாவில் இருக்கும் உரிமையாளர் கூரியரில் கிடைத்த தாளில் 19ஆம் திகதி கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவருடைய மைத்துனரும் இன்னொருவரும் சாட்சிக் கையொப்பம் வைத்தார்கள். கடைசியில் ஒரு சமாதான நீதவானிடம் கொண்டுபோய் முத்திரையும் வாங்கியாயிற்று. மூன்று வெவ்வேறு திகதிகள் இருப்பதால் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடுமா என்பதே உங்கள் பயம்.

திகதிகள் வேறுபடுவதால் மட்டும் எந்த ஒப்பந்தமும் செல்லாமல் போவதில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் தாள், நீங்கள் சொன்னபடியே இருந்தால், இரண்டு வருடக் குத்தகையாகச் சட்டத்தின் முன் நிற்காது. காரணம் வேறு: அது நொத்தாரிசு, அதாவது காணி ஆவணங்களை அத்தாட்சிப்படுத்த உரிமம் பெற்றவர், முன்னிலையில் நிறைவேற்றப்படவில்லை. திகதி எல்லாம் ஒன்றாக இருந்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். புதுக்கடையில் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் நெடுங்காலம் தொழில் செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் தாளை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்தே பேசுகிறேன். அதிலுள்ள ஒரு வாசகம் நான் கீழே சொல்லப்போகும் சிலவற்றை மாற்றக்கூடும்.

கையொப்பம் இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையின் பொது ஒப்பந்தச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்தில் வேரூன்றியது. இரண்டு பேர் மனமொத்து, பொறுப்பேற்கும் எண்ணத்தோடு, ஏற்கத்தக்க காரணம் ஒன்றுக்காக இணங்கினால் ஒப்பந்தம் பிறந்துவிடும், வாய்ப்பேச்சே போதும். மேசை செய்து தருகிறேன், கணக்கு எழுதித் தருகிறேன், கலியாணத்துக்குப் படம் எடுத்துத் தருகிறேன் என்பதெல்லாம் கடதாசி இல்லாமலேயே பிணைக்கும். அந்த வகைகளில் கடதாசி ஒரு சான்று மட்டுமே. வேறு சில வகைகளுக்கு எழுத்தும் கையொப்பமும் கட்டாயம், நொத்தாரிசு தேவையில்லை. மற்றவரின் கடனுக்குப் பிணை நிற்பது அப்படிப்பட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் யாராவது “வாடகை தவறினால் நான் பொறுப்பு” என்று பிணை நின்றிருந்தால் அவருடைய பொறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும், அவர் அதில் கையொப்பமிட்டிருக்க வேண்டும். காணி, வீடு, கடை என்று வந்துவிட்டால் சட்டம் இறுகிவிடுகிறது.

அந்த இறுக்கம் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. அதன் 2ஆம் பிரிவின்படி, அசையா ஆதனத்தின் விற்பனை, கைமாற்றம், ஈடு, அதில் உரித்தோ பாரமோ ஏற்படுத்தும் எந்த ஒப்பந்தமும், அவற்றைச் செய்வதாகக் கொடுக்கும் வாக்குறுதியும்கூட, எழுத்தில் இருக்க வேண்டும். செய்பவர் அல்லது அவரால் சட்டப்படி அதிகாரமளிக்கப்பட்டவர் அதில் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் உரிமம் பெற்ற நொத்தாரிசும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகளும் ஒரே நேரத்தில் சமுகமாயிருக்கும்போது வைக்கப்பட வேண்டும். நொத்தாரிசும் சாட்சிகளும் அதை அத்தாட்சிப்படுத்த வேண்டும். இவை இல்லையென்றால் அந்த ஆவணத்துக்குச் சட்டத்தில் வலுவில்லை. விலக்கு மிகச் சிறியது: விருப்பம்போல் முடித்துக்கொள்ளும் குத்தகையும், ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகையும் மட்டும். இரண்டு வருடம் அந்த விலக்குக்குள் வராது.

இந்த ஒரு மாதம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழில் இணையத்தில் தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. “11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்” என்ற வழக்கம் அங்கே உள்ளது. இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கே பதிவைக் கட்டாயமாக்குவதால் வந்த வழக்கம் அது. கொழும்பில் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. 11 மாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை நடத்துகிற எத்தனையோ பேரைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். அவர்களுக்குச் சொல்லப்பட்டது வேறு நாட்டுச் சட்டம். அந்தப் பிழையில் ஒருவர் கடை அலங்காரத்துக்குப் போட்ட பணம் முழுவதும் போவதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

“ஒரே நேரத்தில் சமுகமாயிருத்தல்” என்பதை ஒரு சடங்காக எண்ணாதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் ஓர் உறுதி, அதாவது நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய ஆவணம், மறுக்கப்பட்டால், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 68ஆம் பிரிவின் கீழ் அத்தாட்சிச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டி வரும். அங்கே கேட்கப்படும் கேள்விகள் மிக எளியவை. எந்த அறையில் இருந்தீர்கள்? அவர் எந்தப் பேனையால் எழுதினார்? அவர் எழுதும்போது நொத்தாரிசு எங்கே இருந்தார்? நீங்கள் அவருக்கு முன்னே வைத்தீர்களா, பின்னேயா? இப்படிப் போகும்போது ஒரு சாட்சி, “நான் போனபோது அவர் கையெழுத்து வைத்து முடித்திருந்தார், என்னிடம் இந்த இடத்தில் வைக்கச் சொன்னார்கள்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தோடு வழக்கின் முதுகெலும்பு முறிந்தது. திகதி, முத்திரை, பதிவு எல்லாம் அந்த உறுதியில் ஒழுங்காகவே இருந்தன.

சரியாக நடக்கும் கையொப்பம் இப்படித்தான் இருக்கும். நொத்தாரிசு தனக்குக் கையொப்பக்காரரைத் தெரியுமா என்று பார்ப்பார். தெரியாவிட்டால் சாட்சிகள் இருவருக்கும் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டையையும் பார்ப்பார். பிறகு உறுதியை வாசித்து விளக்குவார். நொத்தாரிசின் உரிமம் குறிப்பிட்ட மொழிக்கு உரியது என்பதால், உங்களுக்குப் புரியாத மொழியில் உறுதி எழுதப்பட்டிருந்தால் அதிலுள்ளதை உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லிக் கேளுங்கள்; கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அதன் பின் தரப்பினரும் சாட்சிகளும் நொத்தாரிசும் எழுந்துபோகாமல் ஒரே இருப்பில் கையொப்பமிடுவார்கள். மூலப்பிரதி, இணைப்பிரதி, நொத்தாரிசு வைத்துக்கொள்ளும் பிரதி எல்லாவற்றிலும் வைக்க வேண்டும். கடைசியில் வரும் அத்தாட்சிப் பந்தியில் நாள், இடம், யார் யாரைத் தெரியும் என்பன இருக்கும். “இரண்டாம் பக்கம் ஒன்பதாம் வரியில் ‘பன்னிரண்டு’ வெட்டப்பட்டு ‘இருபத்துநான்கு’ எழுதப்பட்டது” என்பதுபோல் ஒவ்வொரு திருத்தமும் அங்கே பதியப்பட்டிருக்கும். உங்கள் கையில் ஓர் உறுதி கிடைத்தால் முதலில் அந்தப் பந்தியை வாசியுங்கள். உறுதியின் உடலில் வெட்டித் திருத்திய ஓர் எண் இருந்து, அத்தாட்சியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், அது எப்போது திருத்தப்பட்டது என்ற கேள்வி பின்னாளில் எழும்.

சமாதான நீதவானின் முத்திரை இந்தக் குறையை நிரப்பாது. சத்தியக் கடதாசியில் சத்தியம் செய்விப்பதும், பிரதி ஒன்றை உண்மைப் பிரதி என்று உறுதிப்படுத்துவதும் அவருடைய பணி. நொத்தாரிசின் பணியைச் செய்ய அவருக்கு அதிகாரமில்லை. சட்டத்தரணி ஒருவர், நொத்தாரிசாக அல்லாமல், வெறுமனே தன் முத்திரையைக் குத்திக் கொடுத்தாலும் நிலை இதுவே. ஒப்பந்தத்தில் ஒட்டும் முத்திரைக்கும் இதே பதில். அது அரசுக்குச் சேர வேண்டிய வரி. செல்லாத ஒன்றை அது செல்லுபடியாக்காது.

இனி உங்களைத் தூங்கவிடாமல் செய்த திகதிக்கு வருகிறேன். சாதாரண ஒப்பந்தம் ஒன்றில் திகதியே இல்லாவிட்டாலும் அது செல்லும். எப்போது செய்யப்பட்டது என்பதை வேறு சான்றால் காட்டலாம். தாளில் எழுதிய திகதி உண்மையானது என்று முதற்பார்வைக்கு எடுத்துக்கொள்ளப்படும். பிழை என்று சொல்பவர் அதை நிரூபிக்கலாம். தரப்பினர் வெவ்வேறு நாளில் கையொப்பமிட்டால், பொதுவாக, கடைசி ஆள் சம்மதித்த நாளில்தான் ஒப்பந்தம் பிறக்கிறது. எனவே ஒவ்வொருவரும் தன் கையொப்பத்தின் பக்கத்தில் தான் உண்மையில் வைத்த நாளைத் தன் கையாலேயே எழுதுவது நல்லது. உங்கள் தாளில் 3உம் 19உம் எழுதப்பட்டிருப்பது குறை அல்ல, நேர்மை. அவை இல்லாமல் 1ஆம் திகதி மட்டும் இருந்திருந்தால்தான் நான் கூடுதலாகக் கவலைப்பட்டிருப்பேன்.

கையொப்பமிட்ட நாளும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. “இந்தக் குத்தகை இன்ன மாதம் 1ஆம் திகதி முதல் தொடங்கும்” என்று உள்ளே ஒரு வாசகம் எழுதிவிட்டு, கையொப்பத்தின் கீழ் 19ஆம் திகதி என்று போடலாம். தரப்பினருக்கிடையே முந்திய நாளிலிருந்து கணக்கிட உடன்படுவதில் தவறில்லை. அன்று கையொப்பமிடாமல் அன்று கையொப்பமிட்டதாகக் காட்டுவதுதான் தவறு. வங்கியையோ வரித் திணைக்களத்தையோ வேறொரு கடன்காரரையோ ஏமாற்றும் நோக்கத்தோடு அப்படிச் செய்தால், ஒப்பமிடாத ஒரு காலத்தில் ஒப்பமிட்டதாக நம்பவைத்தது பொய் ஆவணம் செய்ததாகவே தண்டனைச் சட்டக்கோவையில் கருதப்படும். நொத்தாரிசு ஒருவர் உங்களுக்காகத் திகதியைப் பின்தள்ளிப் போடச் சம்மதித்தால், அவரிடம் எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

திகதி உண்மையில் கடிக்கும் இடம் ஒன்று உண்டு: வழக்குத் தொடுக்கும் கால எல்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் பொதுவாக 6 வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம்தான். கடன் எழுத்தில் பணம் எப்போது திருப்பித் தரப்பட வேண்டும் என்பது தெளிவில்லாமல், கையொப்பத் திகதியும் மங்கலாக இருந்தால், அந்த ஆறு வருடம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியது என்பதே வழக்காகிவிடும்.

நொத்தாரிசு உறுதியில் திகதி பிழைத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்பதுண்டு. அத்தாட்சி எழுதுகையில் நொத்தாரிசு செய்யும் வடிவப் பிழைகளால் மட்டும் உறுதி செல்லாமல் போவதில்லை என்று 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காப்பளிக்கிறது. ஆனால் 1840ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் அடிப்படைகள், அதாவது கையொப்பம், நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், ஒரே நேரச் சமுகம் ஆகியவை, தவறியிருந்தால் அந்தக் காப்பு உதவாது. திகதிப் பிழைக்கும் சமுகமின்மைக்கும் இடையிலுள்ள தூரம் இதில் தெரியும்.

உங்கள் விடயத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை. கடை கம்பனியின் பெயரில் எடுக்கப்பட்டது, நீங்களும் நண்பரும் பணிப்பாளர்கள், ஆனால் நீங்கள் மட்டும் கையொப்பமிட்டீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, நொத்தாரிசு முன் நிறைவேற்ற வேண்டிய ஆவணத்தில் கம்பனியின் பெயரின் கீழ் இரண்டு பணிப்பாளர்கள் கையொப்பமிட வேண்டும். ஒரே பணிப்பாளர் உள்ள கம்பனியானால் அவர் போதும். கம்பனியின் அமைப்பு விதிகள் வேறொருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தால் அவரோ, கம்பனி நியமித்த அற்றோணித் தத்துவக்காரரோ (தன் சார்பில் செயல்பட எழுத்தில் அதிகாரம் கொடுக்கப்பட்டவர்) வைக்கலாம். இறப்பர் முத்திரை இரண்டாவது பணிப்பாளரின் இடத்தை நிரப்பாது. சாதாரண வணிக ஒப்பந்தங்களில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. கம்பனியின் வெளிப்படையான அல்லது உட்கிடையான அதிகாரத்தோடு செயல்படும் ஒருவரே கையொப்பமிடலாம்.

வெளிநாட்டிலுள்ள உரிமையாளர்தான் கொழும்புத் தமிழர்களுக்கு இன்று அடிக்கடி வரும் சிக்கல். ரொறன்ரோவில் அவர் கையொப்பமிடும்போது கொழும்பு நொத்தாரிசு அவர் முன்னால் இருக்க முடியாது. வீடியோ அழைப்பில் பார்ப்பது சமுகமாயிருத்தல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மின்னஞ்சலிலும் மின்கையொப்பத்திலும் செய்யும் ஒப்பந்தங்களை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் ஏற்கிறது. ஆனால் மரணசாசனம், அற்றோணித் தத்துவம், அசையா ஆதனத்தின் விற்பனை அல்லது அதிலுள்ள உரித்தின் கைமாற்றம் ஆகியவற்றை அதே சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. சரியான வழி, அவர் அங்கே இலங்கைத் துணைத்தூதரகம் கேட்கும் முறைப்படி இங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதுதான். அது இங்கே பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பதிவாகிய பின், அந்த ஆள் நொத்தாரிசு முன் குத்தகையில் கையொப்பமிடலாம். தத்துவத்தில் “குத்தகைக்குக் கொடுக்க” என்ற அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் வாடகை வாங்கவும் மட்டும் எழுதிய தத்துவங்களோடு பலர் வருகிறார்கள்.

இப்போதைய உங்கள் நிலையில் உறுதியாகச் சொல்லக்கூடியது: இரண்டு வருடம் உங்களை அங்கே இருக்கவிட வேண்டும் என்று இந்தத் தாளை வைத்து உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களும் இரண்டு வருட வாடகைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அதே வேளை நீங்கள் அத்துமீறி நுழைந்தவரும் அல்லர். கடையை ஒப்படைத்து மாதாமாதம் வாடகை வாங்கியிருப்பதால், மாத வாடகைக் குடியிருப்பு ஒன்று உருவாகியிருப்பதாகவே நீதிமன்றம் பொதுவாகப் பார்க்கும். அதை முடிக்க முறையான அறிவித்தல் வேண்டும். சந்தேகத்துக்குரியவை இரண்டு. முதலாவது, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்கள் கடைக்குக் கிடைக்குமா என்பது. கடையின் மதிப்பீட்டு ஆண்டுப் பெறுமதியையும் வேறு விடயங்களையும் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது. இரண்டாவது, கொடுத்த முற்பணமும் அலங்காரச் செலவும். ஒருவர் மற்றவரின் பணத்தால் நியாயமின்றிப் பயனடையக் கூடாது என்ற கோட்பாட்டில் முற்பணத்தைக் கேட்கலாம்; வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் நிலை பலமானது. அலங்காரச் செலவு அவ்வளவு எளிதல்ல. உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, எதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்பதையெல்லாம் பொறுத்தது அது. வாட்ஸ்அப்பில் அவர் “சரி, செய்யுங்கோ” என்று எழுதியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

நல்ல உறவு இருக்கும்போதே இதைச் சரிசெய்யுங்கள். பழைய தாளைக் கிழிக்கவோ அதில் திகதியைத் திருத்தவோ வேண்டாம். உரிமையாளரிடம் தத்துவம் அனுப்பச் சொல்லிவிட்டு, வேலை கொடுக்கும் நொத்தாரிசிடம் காணிப் பதிவகத்தில் ஆதனத்தின் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். கடை ஏற்கெனவே வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தால் இப்போதே தெரிய வேண்டும். புதிய குத்தகையின் தொடக்க நாளாகப் பழைய 1ஆம் திகதியையே வாசகத்தில் போட்டு, அதுவரை கொடுத்த வாடகையையும் முற்பணத்தையும் உரிமையாளர் பெற்றுக்கொண்டதாக ஏற்கும் ஒரு பந்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கையொப்ப நாள் அன்றைய உண்மையான நாளாகவே இருக்கட்டும். சாட்சிகளாக இரு தரப்புக்கும் உறவில்லாத, பத்து வருடம் கழித்தும் தேடிப் பிடிக்கக்கூடிய இருவரை வையுங்கள். உறவினர் சாட்சியாவதைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் அவர்கள் பேச்சுக்கு எடை குறையும்.

கையொப்பமான பின் குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யாமல் விடாதீர்கள். நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இணைப்பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்; அது அவருடைய கடமை, பதிவு என்பது வேறு வேலை. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, பதியப்படாத உங்கள் குத்தகைக்குப் பிறகு உரிமையாளர் கடையை விற்று, வாங்கியவர் பணம் கொடுத்துத் தன் உறுதியை முதலில் பதிந்துவிட்டால், அவருக்கு எதிராக உங்கள் குத்தகை நிற்காது. நொத்தாரிசிடம் போகும்போது இரண்டு பணிப்பாளர்களின் அடையாள அட்டைகள், கம்பனியின் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், குத்தகை எடுக்கத் தீர்மானித்த கூட்டத்தின் தீர்மானப் பிரதி, இதுவரை கொடுத்த வாடகையின் வங்கிச் சீட்டுகள், பழைய ஒப்பந்தத்தின் மூலம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.